விளக்கு ரூம் வேலை

எனக்குப் பார்க் பைத்தியம். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, அப்போது இருந்தது. செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கமாக ஒரு சின்னப் பார்க் இருந்தது. நாலு சிமெண்டு பெஞ்சு, ஒரு வேப்பமரம், தூணின் மேல் ஒரு ரேடியோ, அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு ஆள் வந்து பூட்டைத் திறந்து ரேடியோவைப் போட்டுவிட்டுப் போவான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு நேராக அங்கே போய் அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போவேன். இருபத்துநாலு வயதுப் பெண், கல்யாணம் ஆகாதவள், தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? "டீச்சரம்மா யாருக்கோசரம் காத்துகினு கீது?" என்று என் காதுபடவே கேட்டார்கள். வாய் வலிக்கும்வரை கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் பார்க் எங்கே என்றுதான் விசாரிப்பேன். காஞ்சிபுரம், மதுராந்தகம், திண்டிவனம் என்று எல்லா ஊர்ப் பெஞ்சிலும் உட்கார்ந்தாயிற்று. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் தங்கச் சுரங்கத்து ஊருக்குப் போன இடத்திலும் பார்க்கைப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தப் பிடிவாதத்தால்தான் எல்லாம் கெட்டது என்று வெகுகாலம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அது ஒரு சௌகரியமான திட்டு. உண்மையான தப்பு வேறு.

என் அக்காவை அந்த ஊரில் கொடுத்திருந்தோம். மைசூர்ப் பக்கம். இங்கிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போய், ஜோலார்பேட்டையில் காத்துக் கிடந்து, மறுபடி இன்னொரு கிளை ரயில் பிடித்துப் போகவேண்டும். அக்கா புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஆறு வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். கீழே எவ்வளவு ஆழம் என்று ஒருமுறை கேட்டேன். "நம்ம திருக்கழுக்குன்றம் மலைய தலைகீழா கவுத்து, அதும் மேல இன்னும் நாலஞ்ச கவுத்துக்கோ" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்த வருஷம் மாசிக் கடைசியில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவரை மேலே போட்டுவிட்டார்கள், விளக்கு ரூமில் வேலை என்று எழுதியிருந்தாள். சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்குத் தலையில் மாட்டும் விளக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும், ஏறி வருகிறவர்களிடம் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். அவர் இறங்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கடிதத்தை என்னை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். மூன்றாம் தரம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லீவு வுட்டதும் போயி கண்ணால பாத்துட்டு வந்துடலாம்டி" என்றாள். கோடை விடுமுறையில் கிளம்பினோம்.

அக்கா இருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. தகரக் கூரை, ஒரே அறை, பின்னால் ஒரு சமையல் மூலை. போன மறுநாள் மத்தியானம் நால்வரும் வீட்டில் இருந்தோம். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா ரசம் ஊற்றினாள். திடீரென்று தரை ஒரு உலுக்கு உலுக்கியது. அலமாரியில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் கலகலவென்று அடித்துக்கொண்டன. ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. நான் பூகம்பம் என்று எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை. கரண்டியைப் பிடித்தபடியே மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரசம் இலையைத் தாண்டி ஓடியது. தெருவில் அத்தனை கதவும் திறந்தது. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஒரே திசையில் ஓடினார்கள்.

"கீழ பாறை வெடிச்சிகீது" என்றார் மாமா. கையைக் கழுவிவிட்டு அவரும் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, இந்தத் தடவை யாருக்கும் ஒன்றும் இல்லை என்றார். அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். "ஆறு வருஷம் நானும் அப்படித்தாண்டி ஓடிகினு இருந்தேன். இப்ப அவரு எதுர்ல உக்காந்துகினு இருந்தாரு. எனக்குப் போதும்" என்றாள். அந்த வேலை என் அக்காவுக்கு எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் நான் சாக்குச் சொல்ல முடியாது.

மாமா எங்களுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் கண்டிப்பாகச் சொன்னார். அந்த ஊரிலிருந்து ஒரு சின்னக் கல்லைக்கூட வெளியே கொண்டு போகக் கூடாது. அதில் தங்கம் இருக்கிறதோ இல்லையோ, கையில் சிக்கினால் திருட்டுத்தான். வந்தவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், வேலை போவது இங்கே இருக்கிறவனுக்கு. காவல்காரர்கள் சில சமயம் ரயிலடியிலும் நின்று சோதனை போடுவார்களாம். அம்மா சமையல் மூலையில் நின்று இதையெல்லாம் கேட்டாள். மாப்பிள்ளைக்கு எதிரில் வந்து அவள் பேசமாட்டாள். அவர் கேட்டதற்குக்கூட, "சரின்னு சொல்லுடி" என்று என் வழியாகத்தான் பதில் வரும்.

ஊருக்குக் கிளம்பும் நாள். ரயில் சாயங்காலம்தான். "பொழுது கீதே, பார்க்கெல்லாம் சுத்திக் காட்டறேன் வா டீச்சரம்மா" என்றார் மாமா. பார்க்குக்குப் போகும் வழியில் பழைய குழிகள் இருந்தன. வெள்ளைக்காரன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் யாரோ தோண்டிவிட்டுப் போனவை. கிணறு மாதிரி குறுகலாக இறங்கின. சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள். நான் ஒரு கல்லைப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே வரவில்லை. எந்த இயந்திரமும் இல்லாமல், கையில் ஒரு எண்ணெய் விளக்கோடு இதற்குள் மனிதர்கள் இறங்கினார்கள் என்று மாமா சொன்னார். அக்கா சுவர் பக்கமே வரவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அம்மா குனிந்திருந்தாள். குழிக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடந்த கல் குவியலிலிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்தாள். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. வெயிலில் ஒரு மினுக்கு மினுக்கியது. முந்தானை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். விரலை உதட்டில் வைத்தாள்.

எதற்கு எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். அப்பா சாவதற்கு முன்னால் வாங்கிப் போட்ட மனையில் ஆவணியில் கடக்கால் போடுவதாக இருந்தோம். ஈசானிய மூலையில் குழி எடுத்து, பாலும் நவதானியமும் விட்டு, ஒரு பொட்டுத் தங்கம் போட்டுத்தான் முதல் கல்லை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவிடம் தங்கம் என்று ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் அக்கா கழுத்துக்குப் போயிற்று. கடையில் ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கலாம் என்றால் கேட்கமாட்டாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கும்போது வீட்டுக்காகத் தங்கம் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்பாள். தங்கம் விளைகிற பூமியிலிருந்து ஒரு கல் என்றால் அவள் கணக்கில் அது தங்கம்தான்.

பார்க் அழகாக இருந்தது. துரைமார்களின் கிளப்பை ஒட்டி, கல்வாழைப் பாத்திகளும் தைல மரங்களுமாக. நடுவில் ஒரு பழைய இரும்புச் சக்கரத்தை நட்டுவைத்திருந்தார்கள். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டை மேலும் கீழும் இழுத்த சக்கரமாம். ஒரு பெஞ்சில் நானும் மாமாவும் அக்காவும் உட்கார்ந்தோம். அம்மா மாப்பிள்ளை உட்கார்ந்த பெஞ்சில் உட்காராமல் புல்லில் தள்ளி உட்கார்ந்தாள். மாமா வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் இருந்திருப்போம். அவ்வளவு நேரமும் நான் அம்மாவின் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். மாமா கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? மாப்பிள்ளை முன்னால் அம்மா முடிச்சை அவிழ்க்க வேண்டும். பெண்ணைக் கொடுத்த இடத்தில் கல்லைத் திருடிய மாமியார் என்று ஆகிவிடும். நேருக்கு நேர் பேசக்கூடக் கூசுகிறவள் எந்த முகத்தோடு அவரிடம் விடைபெறுவாள்? அவள் மானத்தை நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று எழுதிப்போடுகிற டீச்சரான நான் வாயை மூடிக்கொண்டு கடலைத் தோலை ஊதினேன்.

ரயிலடிக்குப் போனால், வாசலில் சோதனை.

இரண்டு காவல்காரர்கள் நின்றார்கள். ஆண்களின் பையை அங்கேயே கொட்டிப் பார்த்தார்கள். பெண்களை வரிசையாக ஒரு அறைக்குள் அனுப்பினார்கள், உள்ளே ஒரு ஆயா இருந்தாள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். நான் அம்மாவின் காதில், "அவுத்துப் போடும்மா, காலால தள்ளிடலாம்" என்றேன். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் மாட்டேன் என்று தலையாட்டினாள். "கைக்கு வந்த லட்சுமிய காலால தள்ளச் சொல்றியா? இன்னா பொண்ணுடி நீ?" என்றாள். இடுப்பு முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அதைவிடத் தெளிவாகக் காட்டிக்கொடுக்க முடியாது. அங்கேயே அவளை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. வரிசை நகர்ந்தது. ஐந்து பேர். நாலு பேர்.

அக்கா பெட்டியைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். மாமா எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்தார்.

எங்கள் முறை வந்தபோது காவல்காரன் அம்மாவைப் பார்த்து, "உள்ள போம்மா" என்று அறையைக் காட்டினான். மாமா நடுவில் போய் நின்றார்.

"யாரப் பாத்து போம்மான்ற? அவங்க எங்க மாமியாரு."

"யாரா இருந்தா இன்னா? எல்லாரும்தான் போறாங்க."

"என் குடும்பத்து பொம்பளைங்க மேல கை வெச்சி தடவணும்னு எவன்யா சொன்னான்? நான் கம்பெனி ஆளு. என் மேல நம்பிக்க இல்லியா?"

அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. காவல்காரனும் கத்தினான். மாமா அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். இன்னொருவன் ஓடிவந்தான். கூட்டம் சேர்ந்துவிட்டது. ரயில் ஊதியது. ரயிலடிக்காரர் ஒருவர் வந்து, "பொம்பளைங்கள ஏத்தி வுடுய்யா, வண்டி கிளம்புது" என்று சத்தம் போட்டார். யாரோ எங்களைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். நானும் அம்மாவும் வண்டியில் ஏறிவிட்டோம். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது காவல்காரன் மாமாவின் சட்டைப் பையிலிருந்து வேலைச் சீட்டை எடுத்து நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். மாமா எங்களைப் பார்த்து, போங்க போங்க என்று கையை ஆட்டினார். எங்கள் பெட்டியை யாரோ தன் கையிலிருந்து வாங்கி வண்டியில் ஏற்றியதுகூடத் தெரியாமல் அக்கா திகைத்துப்போய் நின்றாள்.

வண்டி இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் எங்களுக்கு மூச்சு வந்தது. அம்மா முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல அந்த ஆளு மரியாதையில்லாம பேசனான்" என்றாள். மாப்பிள்ளை தனக்காக ரோஷப்பட்டதாகவே அவள் நினைத்தாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட. நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்து இருவரும் நன்றாகச் சாப்பிட்டோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "படிடி, காலைலந்து காத்துகினு கீறேன்" என்றாள். நின்றபடியே பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். நலம், நலமறிய ஆவல் வரைக்கும் சத்தமாகப் படித்தேன். அடுத்த வரி கண்ணில் பட்டதும் நிறுத்திவிட்டேன்.

காவல்காரனோடு சண்டை போட்டதற்காக அவரை விளக்கு ரூமிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடியும் கீழே போட்டுவிட்டார்கள். போன திங்கட்கிழமையிலிருந்து இறங்குகிறார். இதை அம்மாவுக்குப் படிக்காதே. அவர் யாரிடமும் ஒரு சொல் அதிகம் பேசாத மனுஷன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு ஏன் அப்படிச் சண்டைக்குப் போனார் என்று எத்தனை தடவை கேட்டும் சொல்லமாட்டேன் என்கிறார். நீ பக்கத்தில்தானே நின்றாய். என்ன நடந்தது என்று எனக்கு எழுது.

"இன்னாடி, நின்னு போச்சி?" என்றாள் அம்மா.

"எழுத்து கலைஞ்சி கீதும்மா" என்றேன். பிறகு படித்தேன். அங்கே மழை, வெயில் குறைந்துவிட்டது, மாமா சௌக்கியம், விளக்கு ரூமில் அவருக்கு நல்ல பெயர். இல்லாத வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். அம்மா கீரையைத் தள்ளி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னொரு தரம் படி" என்றாள். முதல் தரம் என்ன சொன்னேன் என்று நினைவுபடுத்திக்கொண்டு இன்னொரு தரமும் படித்தேன்.

அன்று சாயங்காலம் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து அக்காவுக்குப் பதில் எழுதினேன். தலைக்கு மேல் ரேடியோவில் யாரோ விவசாயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மையை எழுதி ஒரு காகிதத்தைக் கிழித்தேன். இரண்டாவதையும் கிழித்தேன். மூன்றாவதில், காவல்காரன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான், மாமாவால் பொறுக்க முடியவில்லை என்று எழுதினேன். அக்கா அதை நம்பினாள். அம்மாவுக்காகப் போன வேலை, போகட்டும் என்று எழுதியிருந்தாள். தன் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். மாமா அதை மறுக்கவே இல்லையாம்.

ஆவணியில் கடக்கால் போட்டோம். அம்மா எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, குழியில் அந்தக் கல்லைத் தன் கையாலேயே வைத்தாள். மேஸ்திரி அதன் மேல் சாந்தைக் கொட்டினார். நான் வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

தை மாதம் புதுமனை புகுவிழாவுக்கு அக்காவும் மாமாவும் வந்தார்கள். அவர் இளைத்திருந்தார். இருமல் இருந்தது. சத்தம் கேட்டால் சட்டென்று கூரையை நிமிர்ந்து பார்த்தார். அம்மா, "மாப்ள ஏன் இப்படி கீறாரு?" என்று என்னைக் கேட்டாள். ரயில் அலைச்சல் என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்க்கவில்லை.

விழா முடிந்த மறுநாள் மாமா கடலைப் பார்க்க வேண்டும் என்றார். மூவரும் பஸ் ஏறி மாமல்லபுரம் போனோம். பாறைகளையும் யானைகளையும் அவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மலையக் குடையறதுன்னா இப்படிக் குடையணும், வெளிச்சத்துல நின்னுகினு" என்றார். பிறகு நேராகக் கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் கால் நனைக்கப் போனாள். நாங்கள் இருவர் மட்டும் மணலில் இருந்தோம். இனி இப்படி ஒரு சமயம் வாய்க்காது என்று தோன்றியது.

"மாமா, அன்னிக்கு ரயிலடியில..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார். கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்த முந்தானையில இன்னா வெச்சிருந்தாங்க?"

"ஒரு கல்லு."

"எங்க எடுத்தாங்க?"

"பழைய குழிகிட்ட. பார்க்குக்குப் போறதுக்கு முன்னாடி."

அவர் மணலை அள்ளி விரல் வழியாக விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பார்க்குல உக்காந்துகினு இருந்தமே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அங்கயே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அத்தய தனியா கூப்ட்டுகினு போயி நீயே வாங்கி கல்வாழப் பாத்தியில போட்டுட்டு வந்திருக்கலாம். நான் திரும்பி உக்காந்துகினு இருந்திருப்பேன். எனக்கு எதுவும் தெரியாதுன்னே அவங்க நெனச்சிருப்பாங்க."

குரலில் கோபம் இல்லை. கணக்குச் சரியாக வராத பிள்ளைக்கு வழியைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். இவ்வளவு சுலபமான வழி எனக்கு அந்த முக்கால் மணி நேரத்தில் தோன்றவே இல்லை. நான் அழுதேன். அழாதே என்று அவர் சொல்லவில்லை. மன்னிச்சிடுங்க என்றேன். அவர் இன்னொரு பிடி மணலை அள்ளினார்.

அக்கா ஈரப் புடவையோடு திரும்பி வந்தாள். என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா பேசிகினு இருந்தீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. எனக்கு லீவு எப்ப முடியுதுன்னு டீச்சரம்மா கேக்குது" என்றார் மாமா. வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். பிறகு என்னைப் பார்த்து, "வியாழக்கெழம காலைல மொத ஷிப்ட்டுக்கு எறங்கணும்" என்றார்.